ஒரு வரியில் போன தங்கச்சி

ஐம்பதுகளின் நடுப்பகுதி. கிழக்கிலங்கையில் கல்முனைக்குத் தெற்கே, கடலிரைச்சல் வகுப்புக்குள் கேட்கும் தூரத்தில், தென்னங்கிடுகுக் கூரை போட்ட ஒரு சின்னப் பெண்கள் பாடசாலையில் நான் உதவி ஆசிரியையாக இருந்தேன். ஆசிரியை என்று எழுதவே கை கூசுகிறது. வாப்பா மட்டக்களப்பில் கடை வைத்திருந்த காலத்தில் அங்கே இருந்து எஸ்.எஸ்.சி. வரை படித்தேன், அவ்வளவுதான். பயிற்சிக் கல்லூரிப் பக்கம் தலை வைத்தும் படுத்ததில்லை. கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னாவும் மேல் வகுப்புக்குத் தையலும் சொல்லிக்கொடுப்பேன். நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு வார்த்தை பேசச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். வழியில் அந்நிய ஆண்கள் எதிர்ப்பட்டால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேலியோடு வேலியாகப் போய்விடுவேன்.

எங்கள் பாடசாலை ஏழாம் வகுப்போடு சரி. எட்டுப் படிப்பதானால் கல்முனைக்குப் போய்ப் பையன்களோடு உட்கார வேண்டும். எந்தத் தாய் தகப்பனும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே ஏழாம் வகுப்பு முடிகிற அன்றைக்கே பெண்பிள்ளையின் படிப்பும் முடிந்துவிடும். வீட்டுக்குள் போனவள் கலியாணத்துக்குக்கூட வெளியே வர வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடி வருவார்.

எட்டாம் வகுப்பு வேண்டும் என்று எங்கள் தலைமை ஆசிரியர் வருடம் தவறாமல் மேலிடத்துக்கு எழுதுவார். பிள்ளைகள் அவரைப் பெரிய சேர் என்பார்கள். எழுதி எழுதி அவருக்கே அலுத்துப்போன ஒரு வருடம் பதில் வந்தது. பாடசாலைகளைப் பரிசோதிக்கும் வித்தியாதரிசி ஒருவர் நேரில் வருவார், ஏழாம் வகுப்பின் தமிழ்ப் பாடத்தைப் பார்ப்பார், அவர் திருப்திப்பட்டால் எட்டாம் வகுப்பைப் பற்றி யோசிக்கலாம் என்று. பெரிய சேர் அன்றைக்கு வகுப்பு வகுப்பாகப் போய் அதைச் சொன்னார். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வாங்குப் பலகைகளில் ஏறி நின்று கைதட்டினார்கள். அடுத்த வருடமும் தங்களுக்குப் பள்ளிக்கூடம் இருக்கலாம் என்ற எண்ணமே அவர்களுக்குப் புதிது.

அந்த நேரம் பார்த்து ஏழாம் வகுப்புத் தமிழ் ஆசிரியைக்கு அம்மை போட்டுவிட்டது. அவர் தன் ஊரான ஆரையம்பதிக்குப் போய்விட்டார். வித்தியாதரிசி வர ஒரு கிழமை இருக்கும்போது பெரிய சேர் என்னைக் கூப்பிட்டு, நீதான் அந்தப் பாடத்தை எடுக்க வேண்டும் என்றார். எனக்கு ஏலாது என்று சொல்லவாவது வாய் வந்திருக்கலாம், அதுவும் வரவில்லை. என் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவர் புத்தகத்தை என் கையில் தந்துவிட்டார்.

அது இந்தியாவில் அச்சான ஒரு வாசிப்புப் புத்தகம். அதில் கடைசியாக ஒரு சிறுகதை. வித்தியாதரிசி பார்க்கப் போவதும் அந்தக் கதைப் பாடத்தைத்தான். பரம்பரைப் பெருமை பற்றிய கதை அது. ஆற்றங்கரை ஊர் ஒன்றில் ஒரு பழைய குடும்பம். மூத்த மகன் கலியாணம் முடித்து மனைவியின் வீட்டிலேயே இருக்கிறான். அது அவனுக்குப் பெரிய அவமானம். அந்த வீட்டு வேலைக்காரன்கூட அவனுக்குத் தண்ணீர் கொண்டுவருவதில்லை. ஊரார் அவனை வீட்டோடு மாப்பிள்ளை என்று கேலி செய்கிறார்கள். தகப்பன் இறந்த பிறகு ஒரு விருந்தில் அவனைக் கடைசிப் பந்தியில் உட்கார வைக்கிறார்கள். அவன் எழுந்து மழையில் நடந்து தன் பாட்டன் கட்டிய வீட்டுக்குப் போகிறான். தகப்பனின் நாற்காலியைக் கட்டிப்பிடித்து அழுகிறான். இனி இந்த வீட்டை விட்டுப் போகமாட்டேன் என்று சபதம் செய்கிறான். கதை முடிகிறது. அடியில் இரண்டு கேள்விகள். கதாநாயகன் மாமனார் வீட்டை விட்டு ஏன் வெளியேறினான்? தன் பரம்பரைப் பெருமையை எவ்வாறு காத்தான்?

நான் வீட்டில் வைத்து அந்தக் கதையைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். கடினச் சொற்களுக்கெல்லாம் பொருள் எழுதிக்கொண்டேன். ஒரு தடையும் இல்லாமல் விளங்கியதாகத்தான் நினைத்தேன்.

முதல் நாள் வகுப்பில் வாசிக்கத் தொடங்கினேன். மனைவி வீட்டில் இருப்பது அவனுக்கு அவமானமாக இருந்தது என்ற இடத்துக்கு வந்ததும் பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள். நான் நிமிர்ந்து பார்த்தேன். முன்வாங்கின் ஓரத்தில் ஒரு பெண் கையை உயர்த்திக்கொண்டிருந்தாள். கரைவலை இழுக்கும் மீனவர் ஒருவரின் மகள். ஊர் முழுக்க அவளை வாயாடி என்றுதான் சொல்வார்கள், நானும் இங்கே அப்படியே சொல்கிறேன். அவள் கேட்டாள்:

"கலியாணம் முடிச்ச ஆம்பிள பொண்டாட்டி ஊட்டில இரிக்காம வேற எங்க டீச்சர் இரிக்கிற?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. என் வாப்பா நிந்தவூரில் பிறந்து என் உம்மாவின் வீட்டுக்கு வந்தவர். பெரிய சேர் தன் மனைவியின் வீட்டில்தான் இருக்கிறார். பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காரும் அப்படித்தான். எங்கள் ஊரில் வீடு என்றால் பெண்ணுக்கு. உம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும். குடி என்கிற வம்சமும் உம்மா வழிதான், வாப்பாவின் குடி எதுவென்று கேட்டால் பல பிள்ளைகளுக்குத் தெரியாது. இந்தக் கதாநாயகனின் அவமானத்தை நாங்கள் எந்த இடத்தில் வைத்து உணர்வது? அவனுக்கு ஏன் அழுகை வந்தது என்பதே பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை. கால் முறிந்த மாதிரி யாரோ கதறுகிறார், ஆனால் கால் நல்லாய்த்தான் இருக்கிறது என்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரிய சேரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கும் கதை புதிதாகத்தான் பட்டது, ஆனால் அவருக்கு யோசிக்க நேரமில்லை. கூரையில் கிடுகு மாற்ற வேண்டும், வளவு கூட்ட வேண்டும், வித்தியாதரிசிக்கு இளநீர் ஆயத்தம் செய்ய வேண்டும். அது அந்த நாட்டு வழக்கம் என்று சொல்லிவிடு, இரண்டு கேள்விக்கும் பதிலை எழுதிப் போட்டு மனப்பாடமாக்கச் சொல் என்றார். அப்படியே செய்தேன். பிள்ளைகளும் மீன் முள் விழுங்கிய மாதிரி கஷ்டப்பட்டுப் பாடமாக்கினார்கள். வாயாடி மட்டும் ஒரு நாள் பாடம் முடிந்த பிறகு என் மேசைக்கு வந்து, பதில் பாடம்தான், ஆனா அந்த ஆளை எனக்குப் பிடிக்கல்ல என்றாள். ஏன் என்று நான் கேட்பதற்குள் மணி அடித்துவிட்டது.

வித்தியாதரிசி வந்த அன்று வறண்ட கச்சான் காற்று ஓய்ந்து வானம் மேகம் போட்டிருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல உயரம், வெள்ளை வேட்டி, தங்கக் கம்பிக் கண்ணாடி. எல்லா வகுப்பையும் பார்த்துவிட்டுக் கடைசியில் ஏழாம் வகுப்புக்கு வந்து, பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பாடத்தை நடத்துங்கோ என்றார். நான் முக்காட்டுக்குள் இருந்துகொண்டே கதையைச் சொல்லிப் பாடமாக்கிய இரண்டு கேள்விகளையும் கேட்டேன். பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக எழுந்து பிசகில்லாமல் ஒப்புவித்தார்கள். பெரிய சேரின் முகம் மலர்ந்தது. ஆனால் ஓரக்கண்ணால் பார்த்தபோது வித்தியாதரிசி கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தார்.

அவர் எழுந்து முன்னால் வந்தார். எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறீர்கள், நல்லது, இப்போது புத்தகத்தை மூடுங்கள் என்றார். கதாநாயகன் செய்தது சரியா பிழையா, உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டார்.

அதற்குப் பதில் நாங்கள் எழுதிப் போடவில்லை. நான் மனசுக்குள் சலவாத்து ஓதினேன். வாயாடி எழும்பினாள்.

"பிழை சேர். அவரு தங்கச்சிட ஊட்டப் புடுங்கிட்டாரு."

பெரிய சேர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். வித்தியாதரிசி கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்.

"எந்தத் தங்கச்சி? இந்தக் கதையிலை தங்கச்சி ஒருத்தியும் இல்லையே பிள்ளை."

"இரிக்கா சேர். ஒரு வரியில வந்து போறா."

அவர் புத்தகத்தைத் திறந்து தேடினார். நானும் என் புத்தகத்தில் தேடினேன். கடைசிப் பக்கத்துக்கு முந்திய பக்கத்தில் அந்த வரி கிடந்தது. தகப்பனோடு அந்த வீட்டில் இருந்த தங்கையைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவன் சாவியை வாங்கிக்கொண்டான் என்று. நான் அத்தனை தடவை வாசித்தும் அதில் என் கண் நிற்கவில்லை. வித்தியாதரிசி அந்த வரியை வாய்விட்டு வாசித்தார். பிறகு இன்னொரு முறை மெதுவாக வாசித்தார்.

வாயாடிக்கு இனிக் கேட்க வேண்டுமா? தகப்பன் மௌத்தானால் வீடு மகளுக்குத்தானே, அவளை அவளுடைய வீட்டிலிருந்தே அனுப்பிவிட்டு இவர் நாற்காலியைக் கட்டிப்பிடித்து அழுதால் அது என்ன பெருமை என்று பொரிந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் சுவர் கட்டும் மேசன் ஒருவரின் மகள். அவளால் பொறுக்க முடியவில்லை. அவளும் எழும்பி, அது பாட்டன் கட்டின வீடு, மகனும் பிள்ளைதானே, அவருக்கும் உரிமை உண்டு என்றாள். அவர்கள் இருவரும் வித்தியாதரிசியை மறந்தே போனார்கள். வாயாடி அவளுடைய அண்ணனை, எங்கள் பேச்சில் காக்காவை, உள்ளே இழுத்தாள்.

"அப்ப ஒன்ட காக்கா வந்து ஒன்ட ஊட்டுச் சாவியக் கேட்டா நீ குடுப்பியாடி?"

"என்ட காக்கா ஏன் கேக்கிற? அவருக்குத்தான் பொண்டாட்டி ஊடு இரிக்கே."

சொல்லி முடித்த பிறகுதான் மேசன் மகளுக்குத் தான் சொன்னது விளங்கியது. வகுப்பு முழுக்கச் சிரிப்பு. அவளும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். அதோடு வாயாடி நிறுத்தியிருக்கலாம். அவள் வித்தியாதரிசியின் பக்கம் திரும்பி, பெருமை என்றால் என்னவென்று தெரிய வேண்டுமானால் எங்கள் டீச்சரின் காக்காவைப் பாருங்கள் என்று தொடங்கிவிட்டாள்.

"டீச்சருக்கு ஊடு கட்டி முடியாம கலியாணம் முடிக்கமாட்டன் எண்டு இரிக்காரு சேர். கல்லும் மரமும் சேத்துச் சேத்து அவருக்குத் தலையும் நரைச்சிப் போச்சி."

எனக்கு அந்த மண் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. சொன்னது அத்தனையும் உண்மை. வாப்பா மௌத்தான பிறகு கடை போய்விட்டது. என் காக்கா கரைவலையில் சேர்ந்தார். என் மூத்தவள் ராத்தாவுக்கு உம்மாவின் வீட்டைக் கொடுத்தாயிற்று. எனக்கு ஒரு வீடு கட்டத்தான் அவர் வருடக்கணக்காகச் சுவரை எழுப்பிக்கொண்டிருந்தார். ஊருக்கே தெரிந்த கதைதான். ஆனால் வித்தியாதரிசியின் முன்னால், என் முன்னால், ஒரு பாடத்துக்கு உதாரணமாக அது வரும் என்று யார் நினைத்தார்கள்?

வித்தியாதரிசி என்னைப் பார்த்து, இது உண்மையோ டீச்சர் என்று கேட்டார்.

எல்லாக் கண்களும் என்மேல். பேசித்தான் ஆக வேண்டும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்:

"ஓம் சேர். ஆனா அவ்வளவு நரைக்கல்ல."

பிள்ளைகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். வித்தியாதரிசியும் சிரித்தார். பெரிய சேர்கூடக் கதவு நிலையை விட்டுவிட்டார். எனக்கு என்ன நடந்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்தச் சிரிப்போடு என் தொண்டையில் அடைத்திருந்தது என்னவோ இறங்கிவிட்டது. நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பிள்ளைகளின் பக்கம் திரும்பினேன். சரி, அப்படியென்றால் அந்த ஆள் கெட்டவரா என்று கேட்டேன். ஓம் என்று பாதி வகுப்பு கத்தியது. கெட்டவர் என்றால் ஏன் அழுதார்? அழுகிற ஆளுக்கு உள்ளே ஒரு நோவு இருக்க வேண்டுமே, அது என்ன?

நான் வேறு பக்கமாகப் போனேன். நம்முடைய ஊரில் ஓர் ஆண் எதற்கு வெட்கப்படுவார் என்று கேட்டேன். அதற்குக் கைகள் மரக்கிளை மாதிரி எழும்பின. தங்கச்சிக்கு வீடு கொடுக்காமல் தான் முந்திக் கலியாணம் முடித்தால் வெட்கம் என்றாள் ஒருத்தி. ராத்தாவின் வீட்டில் போய்ச் சும்மா சாப்பிட்டுக் கிடந்தால் வெட்கம் என்றாள் இன்னொருத்தி. சரி, அந்த ஆளுடைய ஊரில்? மேசன் மகள் தயங்கித் தயங்கி, பொண்டாட்டி வீட்டில் இருந்தால் என்றாள். அங்கே வீடு யாருக்குப் போகும்? மகனுக்கு. வீட்டில் இருக்கிறவர்கள் யார் பேரால் அறியப்படுவார்கள்? வாப்பாவின் பேரால். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த ஓர் ஆணுக்கு வாப்பாவின் வீடும் இல்லையென்றால் அவன் எங்கே போய் நிற்பான்?

இதையெல்லாம் நான் முன்கூட்டி யோசித்துவைத்திருக்கவில்லை. பிள்ளைகள் ஒன்று சொல்லச் சொல்ல அடுத்த கேள்வி எனக்குத் தானாக வந்தது. வாயாடியின் முகம் மாறிக்கொண்டு வந்ததைப் பார்த்தேன். அவளை நான் அதற்கு முன் அப்படிப் பேசாமல் இருந்து கண்டதில்லை. பின்வாங்கில் எப்போதும் வாயே திறக்காத ஒரு பிள்ளை மெல்லச் சொன்னாள்:

"பாவம் டீச்சர் அந்த மனிசன். அவர எங்கட ஊரில கலியாணம் முடிச்சிக் குடுத்திரிக்கலாம்."

இந்த முறை வித்தியாதரிசி சிரித்த சிரிப்பில் அவருடைய கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவர் ஒரு வாங்கில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்தார். இந்தக் கதையைத் தான் பல பாடசாலைகளில் கேட்டிருப்பதாகவும், தானே ஆசிரியராக இருந்த காலத்தில் படிப்பித்ததாகவும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதோ களவு சொல்கிற மாதிரிச் சொன்னார்:

"நானும் மனிசியின்ரை சீதன வீட்டிலைதான் இருக்கிறன் பிள்ளையள். இவ்வளவு காலமும் அது எனக்கு ஞாபகம் வரேல்லைப் பாருங்கோ."

மணி அடித்ததே எங்களுக்குக் கேட்கவில்லை. வாயாடி கடைசியாக ஒன்று சொன்னாள். அவர் பாவம்தான், ஆனாலும் தங்கச்சியை அனுப்பியது பிழைதான், இருக்க இடமில்லாத நோவு தெரிந்தவர் அதை ஏன் இன்னொருத்திக்குச் செய்தார் என்று. எனக்கு இன்றைக்கும் அதற்குப் பதில் தெரியாது.

வகுப்புக்கு வெளியே வந்ததும் அவர் பெரிய சேரிடம் விஷயத்தைச் சொன்னார். எட்டாம் வகுப்புக்கு எழுதி அனுப்புகிறேன், ஆசிரியர் ஒருவரையும் கேட்டு வாங்கலாம், ஆனால் கட்டடத்துக்கு இப்போதைக்கு வழியில்லை. இருக்கிற அறைகள் இருக்கிற வகுப்புகளுக்கே போதாது. தை மாதம் பாடசாலை திறக்கும்போது எட்டாம் வகுப்பு இருக்க ஓர் இடம் இருந்தால் சரி, இல்லாவிட்டால் மறு வருடம் பார்க்கலாம் என்றார்.

மறு வருடம் என்று அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் ஏழாம் வகுப்பில் அப்போது இருந்த பிள்ளைகளுக்கு மறு வருடம் என்று ஒன்று இல்லை. தையில் வகுப்பு இல்லாவிட்டால் அவர்கள் வீட்டுக்குள் போய்விடுவார்கள். போனவர்களைத் திரும்ப அழைத்துவர யாராலும் முடியாது.

ஒரு கொட்டிலாவது போட உதவி கேட்டுப் பெரிய சேர் ஊரில் வசதியானவர்களின் வீடுகளுக்கு நடந்தார். எல்லாரும் இன்ஷா அல்லாஹ் என்றார்கள். நாள்தான் போயிற்று. மாரி மழை தொடங்கியது. கடல் கொந்தளித்துத் தோணிகள் கரையேறின. வருடக் கடைசிப் பரீட்சையும் முடிந்துவிட்டது. பரிசளிப்பு மாதிரி எதுவும் இல்லாமல் பிள்ளைகள் கலைகிற அந்தக் கடைசி நாள் நான் தையல் துணிகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். வாயாடி வந்து, கொட்டில் போடத்தானே ஆள் வேண்டும் என்று கேட்டாள். மரமும் கிடுகும் ஆளும் வேண்டும், எல்லாம் வேண்டும் என்றேன். அவள் சிரித்தாள்.

"எங்களுக்கெல்லாம் காக்காமார் இரிக்காங்க டீச்சர். கடலும் அடிக்கிது, சும்மாதானே கிடக்காங்க."

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருத்தியும் வீட்டுக்குப் போய்த் தன் காக்காவைப் பிடித்துக்கொண்டாள். கேட்டார்களோ, அழுதார்களோ, சாப்பிடாமல் இருந்தார்களோ தெரியாது. சில நாள் கழித்து ஒரு காலை பெரிய சேர் ஆள் அனுப்பி என்னை வரச் சொன்னார். மழை விட்டிருந்த நேரம். பாடசாலை வளவுக்குள் காலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு படை ஆண்கள். வலைக்காரர்கள், தறிக்காரர்கள், வயல்காரர்கள். ஒருவர் குழி தோண்டுகிறார், ஒருவர் தென்னங்குற்றியை நிமிர்த்துகிறார், மேசன் மகளின் காக்கா களிமண் மிதிக்கிறார். வேலிக்கு வெளியே தங்கச்சிமார் கூட்டமாக நின்று, கோணல், கோணல் என்று தங்கள் காக்காமாரை வேலை வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் திரும்பி, கலியாணத்துக்கு முந்தியே இரண்டு தரம் வீடு கட்ட வைக்கிறாளே இவள் என்று முறைப்பட்டார். அவருடைய தங்கச்சிதான் எல்லாரையும்விடக் கூடுதலாகக் கத்தினாள்.

தூண்கள் நின்றன. கிடுகு குவிந்திருந்தது. ஆனால் கூரையைத் தாங்க நல்ல மரம் இல்லை. கொண்டுவந்த காட்டுத் தடிகள் அந்த நீளத்துக்குப் போதாது. கடல் பக்கம் மறுபடியும் கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்தால் நாள் கணக்கில் விடாது, குழைத்த மண்ணும் போய்விடும், தையும் வந்துவிடும். எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நின்ற நேரத்தில் ரோட்டில் ஒரு மாட்டு வண்டி திரும்பியது. முன்னால் நடந்து வந்தவர் என் காக்கா.

வண்டியில் கிடந்த மரங்களைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. முதிரை மரத்தில் அறுத்த கைமரங்கள். கறையான் அண்டாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் நானே வேப்பெண்ணெய் பூசி எங்கள் வளவில் அடுக்கிவைத்திருந்தேன். என் வீட்டுக் கூரைக்கு என்று காக்கா பல வருடமாகச் சேர்த்தவை.

அத்தனை ஆண்கள் நிற்கிற இடம் என்பது அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. நேரே வண்டியண்டை போய், காக்கா, இது என்ட ஊட்டு மரம் என்றேன். அவர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"ஓம், தெரியும். ஒன்ட புள்ளயள் என்ட தல நரைச்சிப் போச்சி எண்டு அந்தப் பெரிய மனிசன்ட சொல்லிச்சாமே. நரைச்சது நரைச்சிதான், இன்னும் ஒரு வருசம் நரைக்கட்டும்."

வேலிக்கு வெளியே நின்ற வாயாடி அதைக் கேட்டுவிட்டுத் தாவணிக்குள் தலையை மறைத்துக்கொண்டாள். காக்கா அவள் நின்ற பக்கம் பார்த்துச் சிரித்தார். பிறகு ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மரங்களை மேலே ஏற்றினார்கள். முதல் கிடுகு வரிசையைக் கட்டும்போது தூறத் தொடங்கியது. அவர்கள் நிறுத்தவில்லை. மழை கொட்டத் தொடங்கியபோது நாங்கள் எல்லாரும், ஆண்களும் பிள்ளைகளும் பெரிய சேரும் நானும், அந்தப் புதுக் கூரைக்குக் கீழே நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். ஓர் இடத்தில்கூட ஒழுகவில்லை.

தை மாதம் எட்டாம் வகுப்பு அந்தக் கொட்டிலில் தொடங்கியது. ஏழாம் வகுப்பில் இருந்தவர்களில் ஒருத்தியும் வீட்டுக்குள் போகவில்லை. கூரையை அவளுடைய காக்காவே போட்டிருக்கும்போது எந்த வீட்டில் பிள்ளையைப் போகாதே என்று சொல்வார்கள்? என் வீடு ஒரு வருடம் பிந்தியது. வேறு மரம் சேர்த்துக் காக்கா அதை முடித்து, என்னைக் கலியாணம் முடித்துக் கொடுத்து, அதன் பிறகுதான் மருதமுனையில் தன் மனைவியின் வீட்டுக்குக் குடிபோனார். தலையில் பாதி நரையோடு மாப்பிள்ளையாகப் போனவரைப் பார்த்து அங்கே யாரும் சிரிக்கவில்லை.

நான் இப்போதும் பெரிய பேச்சுக்காரி இல்லை. கூட்டத்தைக் கண்டால் இன்றைக்கும் பின்வரிசையைத்தான் தேடுவேன். ஆனால் ஒரு கதையைக் கையில் எடுத்தால், அதில் அழுகிறவனுடைய ஊரில் எதை வெட்கம் என்பார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். பிறகு ஒரே வரியில் வந்து போகிறவளைத் தேடிப் பிடித்து, இன்றைக்கு ராத்திரி இவள் எங்கே படுப்பாள் என்று யோசிக்காமல் என்னால் புத்தகத்தை மூட முடிவதில்லை.